தமிழ் விக்கிப்பீடியாவில் நிர்வாகி அணுக்கம்: எப்போது கேட்கலாம்?

கேள்வி:
3 மாதமாக எழுதுகிறேன். எங்கள் வட்டாரக் குளங்கள், கோயில்கள் பற்றி 40 கட்டுரை ஆயிற்று. யாராவது கட்டுரையைச் சிதைத்தால் மனசு பதறுகிறது. நிர்வாகியாக விண்ணப்பிக்கலாமா?

பதில்:
தம்பி, கொஞ்சம் பொறுங்கள். நான் ஆறாவது மாதத்திலேயே கேட்டேன். "உங்கள் பங்களிப்பை இன்னும் கொஞ்ச காலம் பார்க்கிறோம்" என்றார்கள். ரொம்ப வலித்தது. ஆனால் பக்கத்தை நீக்க, பூட்ட, பயனரைத் தடுக்கத்தான் நிர்வாகி அணுக்கம், அதாவது அந்தக் கூடுதல் உரிமை, வேண்டும். சிதைத்ததைச் சரிசெய்ய அது தேவையில்லை; கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து இப்போதே பழைய வடிவத்துக்குக் கொண்டுவரலாம்.

அதன்பின் தினமும் இரவு, யார் எதை மாற்றினார்கள் என்று காட்டும் 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தைப் பார்ப்பேன். புதியவர் ஒருவர் தன் தாத்தாவைப் பற்றி மேற்கோளே இல்லாமல் எழுதியிருந்தார். நீக்கச் சொல்லும் அறிவிப்பை (வார்ப்புரு) கட்டுரையில் ஒட்டவில்லை. அவருடைய பேச்சுப் பக்கத்தில் போய், பழைய நாளிதழ்ச் செய்தி ஏதும் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது! இன்று அவர் எங்களில் ஒருவர். 2 வருடம் கழித்து என்னைப் பரிந்துரைத்ததும் அவர்தான்.

இன்னொருவர்:
ஒவ்வொரு தொகுப்புக்கும், அதாவது நீங்கள் செய்யும் மாற்றத்துக்கும், என்ன மாற்றினீர்கள் என்று சுருக்கம் எழுதுங்கள். ஒருவரை நிர்வாகியாக்க நான் வாக்களிக்கும் முன் அதைத்தான் படிப்பேன். தவறு செய்தால் பேச்சுப் பக்கத்திலேயே ஒப்புக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. ஒத்தாசைப் பக்கத்தில் படம் பதிவேற்றத் தெரியாமல் ஒருவர் கேட்டிருக்கிறார். இன்றிரவு அவருக்குப் பதில் எழுதுகிறேன்.