வெளிநாட்டுல குடியேறின புதுசுல நடந்து இன்னும் மனசுல நிக்கிற ஒரு சம்பவம்: தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆளுங்க சொல்லுங்க

பாலக்கோட்டுப் பையன்:

நானே ஆரம்பிக்கிறேன், ரொம்ப வருஷமா உள்ள கெடக்குது. 2016ல மாஸ்டர்ஸ் படிக்க ஜெர்மனில ஸ்டுட்கார்ட் போனேன். ரூம் தேடி அலைஞ்ச கதை எல்லாருக்கும் ஒண்ணுதான், விட்டுடறேன். பழைய காலத்து நாலு மாடி வீடு, லிஃப்ட் கெடையாது, மரப்படி, நான் மூணாவது மாடி. ரெண்டாவது வாரம் காலேஜ் முடிஞ்சி வந்து பார்த்தா என் கதவு கைப்பிடியில கயிறு கட்டி ஒரு சின்ன மரப்பலகை தொங்குது, "கேர்வோஹே"ன்னு அழகா எழுதியிருக்கு. புதுசா குடிவந்தவனுக்கு யாரோ அன்பா மாட்டிட்டுப் போயிருக்காங்கன்னு நெனச்சு எடுத்துட்டுப் போயி உள்ள செவுத்துல முருகர் காலண்டர் பக்கத்துல மாட்டிட்டேன். சத்தியமா அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு, ஏன்னா அந்த ஊருல அதுவரைக்கும் யாருமே எனக்கு எதுவும் குடுக்கல.

அங்க இருந்தவங்களுக்குத் தெரியும் அது என்னன்னு. ஸ்டுட்கார்ட் பக்கம் ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டுக்காரங்க படிக்கட்டைக் கூட்டித் தொடைக்கணும், முறை யாருதோ அவங்க கதவுல பலகை, முடிச்சதும் அடுத்த வீட்டுக் கதவுல கொண்டுபோய் மாட்டணும். நான் பலகைய உள்ள வெச்சிக்கிட்டதால மூணு வாரம் யாரு முறைன்னே யாருக்கும் தெரியல, படியெல்லாம் மண்ணு.

மூணாவது சனிக்கிழமை ரெண்டாவது மாடிப் பாட்டி வந்து கதவைத் தட்டினாங்க. எழுபத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும். உள்ள எட்டிப் பார்த்து பலகைய காட்டி, அப்பறம் படிய காட்டி, தொடப்பம் போடுற மாதிரி கைய ஆட்டிக் காட்டினாங்க. அப்பதான் புரிஞ்சுது. எனக்கு அவ்ளோ வெக்கமாப் போச்சு, உடனே பண்ணிடறேன் பாட்டின்னு தமிழ்லயே சொல்லிட்டு ஒரு பக்கெட் தண்ணி புடிச்சி, எங்கம்மா வெடிகாலைல வாசல் கழுவுற மாதிரி மேல் படியில இருந்து அப்படியே ஊத்திட்டேன். மரப்படிங்க அது. தண்ணி ஒவ்வொரு படியா எறங்கி ரெண்டாவது மாடி மிதியடிய நனைச்சு அதுக்குக் கீழயும் போவுது, கீழ தபால் பெட்டி மேல டொக் டொக்னு சொட்டுற சத்தம் எனக்குக் கேக்குது. பாட்டி ஒரு கையால கைப்பிடிய புடிச்சினு நிக்கிறாங்க, கம்பளிச் செருப்பு ரெண்டும் ஊறிப் போச்சு. "நைன்"னு ஒரே ஒரு வார்த்தை, ஜெர்மன்ல "இல்ல"ன்னு அர்த்தம். அதுவும் சத்தமா இல்ல.

திட்டுவாங்கன்னு பார்த்தேன். உள்ள போயி ரெண்டு துணி எடுத்துட்டு வந்து ஒண்ண என் கையில குடுத்துட்டு அவங்களும் பக்கத்துல முட்டி போட்டு உக்காந்துட்டாங்க. ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் புழிஞ்சி புழிஞ்சி தொடச்சோம். முடிஞ்சதும் அம்மா கட்டிக் குடுத்த காவேரிப்பட்டணம் நிப்பட்டு, தட்டை மாதிரி இருக்குமே அது, குடுத்தேன். கடிச்சதும் மொளகா ஏறி கண்ணுல தண்ணி வந்துடுச்சு, ஆனா கைய நீட்டி இன்னொண்ணு கேட்டாங்க. அதுக்கப்பறம் ரெண்டு வருஷம் ஊர்ல இருந்து யார் வந்தாலும் அவங்களுக்குன்னு தனியா ஒரு பாக்கெட் சொல்லி விடுவேன்.

2018 டிசம்பர்ல பெங்களூர் வேலைக்கு கெளம்பறப்போ அவங்க கிறிஸ்துமஸுக்கு மக வீட்டுக்குப் போயிருந்தாங்க. அந்த வாரம் என் முறை. சுத்தமா தொடச்சி பலகைய அவங்க கதவுல மாட்டிட்டு ஃப்ளைட் ஏறிட்டேன். ஒரு லெட்டர் எழுதி வெச்சிருக்கலாம். திரும்பி வந்து பார்த்தப்போ பலகை மட்டும்தான தொங்கியிருக்கும், அதுதான் இப்ப வரைக்கும் உறுத்துது.

மாங்கா மண்டி:

கிருஷ்ணகிரி. துபாய்ல ஒரு கேட்டரிங் கிச்சன்ல வேலை. பாலக்கோட்டு அண்ணா எழுதினத படிச்சிட்டு பஸ்லயே உக்காந்து டைப் பண்றேன்.

போன வருஷம் ஜூன் மாசம். வெளி வேலைக்காரங்களுக்கு ஜூன் 15ல இருந்து மத்தியானம் பன்னண்டரைக்கு மேல மூணு வரைக்கும் வெயில்ல வேலை வாங்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கு, அந்த நேரத்துக்குத்தான் எங்களுக்கு ஜூஸ் ஆர்டர் கொட்டும். ஸ்டோர்ல இருந்து மாம்பழக் கூழ் டின் எடுத்து வரச் சொன்னாங்க, மூணு கிலோ சொச்சம் புடிக்கிற பெரிய டின்னு. ஓப்பனர் வெச்சி சுத்தும்போது லேபிள்ல கண்ணு போச்சு. கிருஷ்ணகிரி 635001. கை நின்னு போச்சுங்க. மூடிய தூக்கினதும் எங்க தோப்புல கிளிமூக்கு மாங்கா பழுத்தா வருமே அந்த வாசனை. அஞ்சு நிமிஷம் அப்படியே பார்த்துனு நின்னுட்டேன், பக்கத்துல இருந்த நேபாளி பையன் உடம்பு சரியில்லையான்னு கேட்டான். இது என் ஊரு, எங்கப்பா லோடு ஏத்துற ஊருன்னு லேபிள காட்டினேன். அவன் கிச்சன் முழுக்க தூக்கினு போயி எல்லாருக்கும் காட்டினான்.

அன்னிக்கு ராத்திரி அப்பாவுக்கு ஃபோன் பண்ணினா அவரு அங்க ஃபேக்டரி வாசல்ல டிராக்டரோட ரெண்டாவது நாளா லைன்ல நிக்கிறாரு, கிலோ அஞ்சு ரூபாய்க்கு கேக்குறாங்க, பறிக்கிற கூலிக்கே பத்தாதுன்னாரு. நான் டின்ன பத்தி சொல்ல நெனச்சதை சொல்லவே இல்ல. காலி டின்ன கழுவி ரூமுக்கு எடுத்துட்டு வந்துட்டேன், இப்ப அதுலதான் சோப்பு, பிரஷ்ஷெல்லாம் இருக்கு.

பென்னாகரத்துக்காரி:

மாங்கா மண்டி தம்பி, அப்பாகிட்ட சொல்லிடுப்பா. அவருக்கும் கேக்கணும்னு இருக்கும்.

என்னோடது சின்னது. லண்டன், ஆஸ்பத்திரில நர்ஸ் வேலை. ரிசப்ஷன்ல இருக்கற அம்மா தெனமும் "ஆல்ரைட்?"னு கேப்பாங்க. நம்மள இவ்ளோ அக்கறையா விசாரிக்கறாங்களேன்னு நின்னு பதில் சொல்லுவேன், அம்மாவுக்கு முட்டி வலி, தம்பிக்கு பொண்ணு பாக்குறாங்க, எனக்கு தூக்கம் வரலன்னு. ஒரு மாசம் கழிச்சிதான் கூட வேலை செய்யற கேரளா பொண்ணு சொல்லுச்சு, அது நம்மூர்ல "என்ன, சாப்டாச்சா"ன்னு கேட்டுட்டு நடந்துகிட்டே போறமே அது மாதிரின்னு. மறுநாள் நானும் "ஆல்ரைட்"னு மட்டும் சொல்லிட்டுப் போனேன். அந்த அம்மா பின்னாடியே எழுந்து வந்து கேட்டாங்க, உங்கம்மா முட்டி இப்ப எப்படி இருக்குன்னு. அவ்ளோதான்.

புதுசா லண்டன் வர்றவங்களுக்கு சிலது சொல்லணும். கவுன்சில் டாக்ஸ்னு நம்மூர் வீட்டு வரி மாதிரி ஒண்ணு வரும், தனியா இருக்கறவங்களுக்கு 25 சதவீதம் தள்ளுபடி உண்டு, நாமளே அப்ளை பண்ணி கேக்கணும், தானா தர மாட்டாங்க. வந்த வாரமே ஜிபி, அதான் அந்த ஏரியா டாக்டர் கிட்ட பேர் பதிஞ்சிடுங்க, காய்ச்சல் வந்தப்பறம் தேடாதீங்க. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரத்த ஒரு மணி நேரம் மாத்துவாங்க, அதனால நம்மூருக்கும் இங்கயும் வித்தியாசம் கோடைல நாலரை மணி, குளிர்ல அஞ்சரை மணி. இது தெரியாம ராத்திரி பன்னண்டு மணிக்கு அம்மாவ எழுப்பி வுட்டேன், பாவம், யாருக்கோ என்னமோ ஆயிடுச்சுன்னு நடுங்கிப் போச்சு. குளிர்காலத்துல வைட்டமின் டி தெனம் 10 மைக்ரோகிராம் எடுத்துக்கச் சொல்றது இங்க அரசாங்கமே சொல்றதுதான், நம்ம நெறத்துக்கு ரொம்ப அவசியம். பாத்ரூம்ல சுடுதண்ணிக்கு ஒரு குழாய், பச்சத்தண்ணிக்கு ஒரு குழாய் தனித்தனியா இருக்கும், கைய வெக்கறதுக்கு முன்னாடி பார்த்துக்கங்க. அப்பறம் பெட்டியில நெய், பால்கோவா, தயிர் மொளகா எதுவும் வேணாம், பால் சேர்ந்த பொருளும் கறியும் எடுத்து வரக்கூடாது, ஏர்போர்ட்ல புடிங்கிடுவாங்க. ராகி மாவு தாராளமா கொண்டாங்க. களி கிண்ட துடுப்பும் கொண்டாங்க, இங்க கெடைக்கற மரக்கரண்டி ரெண்டாவது கிண்டுல ஒடஞ்சிடும்.

ஓசூர் ரோஜா:

அக்கா, யாரும் லண்டனுக்கு வழி கேக்கலியே, சம்பவம்தான கேட்டாங்க. ஆனா துடுப்பு மேட்டர் நூறு சதவீதம் உண்மை.

பாலக்கோட்டு நண்பா, நீங்க தப்பு பண்ணின மாதிரியே எழுதியிருக்கீங்க, எனக்கு அது ஒத்துக்கல. சாவி குடுக்கும்போதே வீட்டு ஓனர் சொல்லியிருக்கணும். ஒரு ஊர்ல பொறந்ததுல இருந்து எல்லாரும் செய்யறத வந்த ரெண்டு வாரத்துல நாம எப்படி கண்டுபுடிக்கறது?

சிங்கப்பூர்ல எனக்கு நடந்தத சொல்றேன். 2022. ஹாக்கர் சென்டர்ல, அதான் நெறைய சாப்பாட்டுக் கடைங்க ஒண்ணா இருக்கற எடம், மத்தியானம் கூட்டம், ஒரு டேபிள் காலியா இருக்கு, மேல ஒரு டிஷ்யூ பாக்கெட். யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சு அத எடுத்துக்கிட்டு, அப்பதான் அந்தப் பக்கமா போன ஒரு ஆளு பின்னாடியே ஓடி சார் சார்னு கூப்டு குடுத்தேன், அவரு என்னுது இல்லன்னுட்டாரு. இன்னொருத்தர கேட்டேன், அவரும் இல்லன்னுட்டாரு. திரும்பி வந்தா ஒரு சீன ஆன்ட்டி ரெண்டு கையிலயும் ட்ரே வெச்சிக்கிட்டு அந்த டேபிள் முன்னாடி நிக்கிறாங்க, டேபிள்ல வேற குடும்பம் உக்காந்து சாப்புட்டுக்கிட்டு இருக்கு. அங்க டிஷ்யூ பாக்கெட் வெச்சா எடம் புடிச்சாச்சுன்னு அர்த்தம், நம்மூர் பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போடுவோமே அதேதான். துண்டு போடற ஊர்ல இருந்து வந்தும் எனக்கு அது தோணல பாருங்க. பாக்கெட்ட குடுத்து சாரி சொன்னேன். அந்த ஆன்ட்டி "தம்பி"ன்னாங்க. தமிழ்லயே, தம்பின்னு. ட்ரேல இருந்த ஒரு ஐஸ் காப்பிய என் கையில குடுத்துட்டு நின்னுக்கிட்டே சாப்டாங்க. வீட்டுல நாங்க பேசறது தெலுங்கு, ஸ்கூல்லதான் தமிழ் கத்துக்கிட்டேன். ஒருத்தர் தம்பின்னு கூப்டா அவ்ளோ நிம்மதியா இருக்கும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

அரூர் டீச்சர்:

நான் ரிட்டயர்டு டீச்சர்ங்க, வெளிநாட்டுல இல்ல, மக வீட்டுக்கு எடின்பரோ போயி மூணு மாசம் இருந்துட்டு வந்தேன். எழுதலாமா தெரியல, எழுதறேன்.

ஜூன் மாசம் போனேன். எங்கூட்டுல நாப்பது வருஷமா சாயந்திரம் பொழுது சாயும்போது வெளக்கு ஏத்துறது வழக்கம். அங்க அகல் வெளக்க தொடச்சி திரி போட்டு எண்ணெய் ஊத்தி தீப்பெட்டிய கையில வெச்சிக்கிட்டு ஜன்னல் பக்கத்துல நிக்கிறேன். மணி ஏழு. வெயில் அடிக்குது. எட்டு ஆச்சு. பேத்திக்கு அஞ்சு வயசு, கறுப்பு ஸ்கிரீன இழுத்துவிட்டு தூங்க வெச்சிட்டாங்க, வெளிய இன்னும் நம்மூர் நாலு மணி வெளிச்சம். ஒம்போதரைக்கு மக வந்து அம்மா இங்க பத்து மணிக்குத்தான் சூரியன் மறையும், உக்காருன்னா. நான் உக்காரல. பத்து மணிக்கு மேல ஏத்தினேன்.

அப்பறம் மககிட்ட கேட்டேன், அப்ப டிசம்பர்லன்னு. மூணே முக்காலுக்கெல்லாம் இருட்டிடும்மா, நான் ஆபீஸ்ல இருப்பேன், வெளக்கு ஏத்துறதில்லன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. ஏன் ஏத்தறதில்லன்னு நான் கேட்டிருந்தா அழுதிருப்பா. கேக்கல.

பாலக்கோட்டுப் பையன்:

டீச்சர், நீங்க எழுதினதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல, ரெண்டு தடவ படிச்சேன்.

ரோஜா, ஓனர் சொல்லாதது சரிதான், ஆனா நனைஞ்சது பாட்டி செருப்புதான.

எனக்கு ஒரு தகவல் வேணும். இதெல்லாம் எழுதினப்பறம் அந்த வீட்டு அட்ரஸ் பழைய ஃபைல்ல தேடி எடுத்துட்டேன். பாட்டி இருக்காங்களா இல்லையான்னு தெரியாது, ஆனா லெட்டரோட ஒரு அரை கிலோ நிப்பட்டும் அனுப்பலாம்னு இருக்கேன். பென்னாகரத்து அக்கா, நீங்க சொன்ன பால் பொருள் கணக்குல நிப்பட்டு வருமா?

பென்னாகரத்துக்காரி:

அரிசி மாவு, வேர்க்கடலை, மொளகா, எண்ணெய்தான, அதுல என்ன பால் இருக்கு. ஆனா சில கடையில மொறுமொறுப்புக்கு வெண்ணெய் ஊத்தி பெசயறாங்க, வாங்கும்போதே கேட்டு வெண்ணெய் போடாததா வாங்குப்பா. பார்சல் மேல உள்ள என்ன இருக்குன்னு வெவரமா எழுது. மொளகா கம்மியா போட்டதா கேளு, பாட்டிக்கு இப்ப எண்பத்தஞ்சு இருக்கும்.

பாலக்கோட்டுப் பையன்:

மொளகா கம்மி வேணாங்க்கா. அதே மாதிரிதான் வாங்குவேன்.