புளூபெர்ரி பானம் ஒரே இரவில் கூழானது ஏன்?

நீலச்சாறு கேட்கிறார்:
விருந்தினர் வரும் நாளில்தானா இப்படி நடக்க வேண்டும்? 200 கிராம் புளூபெர்ரி, ஒரு கைப்பிடி ஸ்ட்ராபெர்ரி, அரை டம்ளர் தண்ணீர். முந்தின இரவே மிக்சியில் மைய அரைத்து, புளிப்பு அடங்கட்டும் என்று இரண்டு சிட்டிகை சமையல் சோடாவும் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் ஜாடியைச் சாய்த்தால் அசையவில்லை. நிறமோ சேற்றுக்குட்டை. பழம் கெட்டுவிட்டதா?

புளிப்புப் பிரியன்:
பழத்தின் மீது பழி வேண்டாம், குற்றவாளி சோடா. பெர்ரிகளுக்கு நிறம் தரும் ஆந்தோசயனின் அமிலத்தில் சிவக்கும். காரம் கூடக்கூட நீலம், பச்சை என்று மாறும். ஒரு கரண்டி தனியே எடுத்து எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள்.

வடிகட்டி:
நிறத்துக்கு விடை வந்துவிட்டது. கூழானதற்குக் காரணம் பெக்டின், பழத்திலேயே இருக்கும் கூழாக்கும் பொருள். ஜாம் இறுகுவதும் அதனால்தான். மைய அரைத்தால் அது நிறைய வெளியே வந்துவிடும், இரவு முழுக்க நின்றால் கெட்டிப்படும். அரைத்த உடனே குடித்திருந்தால் உங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

நான் மிக்சியைத் தொடுவதில்லை. (அது ஓடினால்தான் சமையல் நடக்கிறது என்று நம்பும் வீடு எங்களுடையது, அந்தச் சண்டை தனி.) பழத்தை ஓர் இரவு ஃப்ரீசரில் உறைய வைக்கிறேன். உள்ளே உருவாகும் பனிப்படிகங்கள் செல்சுவர்களைக் கிழித்துவிடுவதால், உறைநிலை நீங்கியதும் பழம் தானாகவே சாறு விடும். இரண்டு தேக்கரண்டி சர்க்கரை தூவி ஒரு மணி நேரம் விட்டால் மீதிச் சாறும் இறங்கும். மரக்கரண்டியால் மசித்து வடிகட்டி, குடிக்கும்போது மட்டும் குளிர்ந்த தண்ணீரும் சில சொட்டு எலுமிச்சையும் சேர்க்கிறேன். கொதிக்க வைக்காததால் வைட்டமின் சி பெரிதாகக் குறையாது. சக்கையை எறியாதீர்கள், நார்ச்சத்து அதில்தான் இருக்கிறது. தயிரில் கலந்து சாப்பிடலாம். ராஸ்பெர்ரி சேர்த்தால் கூடுதல் கவனம் தேவை: விதை அரைபட்டால் கசக்கும்.

நீலச்சாறு:
எலுமிச்சை விட்டதும் புஸ்ஸென்று நுரைத்து, கண்ணெதிரே ஊதா கலந்த சிவப்பாக மாறியது! மீதிக் கூழுக்கும் அதே வைத்தியம் செய்து கிண்ணங்களில் ஊற்றி வைத்தேன். விருந்தினர்கள் கரண்டியால் வழித்துச் சாப்பிட்டுவிட்டு இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.