பழைய சால்மன் படகு வாங்கியவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கரையோரம், ஸ்காபரோ

ஐந்து வருடத்துக்கு முன், ஒரு ஏப்ரல் கடைசியில், ஹமில்ரன் பக்கம் போய் ஒரு படகு வாங்கினேன். 1990இல் செய்த 21 அடி ஃபைபர் கிளாஸ் படகு, 4.3 லீற்றர் வி6 என்ஜின், விலை 8,500 டொலர். ஒன்ராறியோ ஏரியில் சால்மன் பிடிக்கச் சொந்தப் படகு வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. அதனால் பார்க்க வேண்டியதை விட்டுவிட்டு, பார்க்க ஆசையாக இருந்ததைப் பார்த்தேன். விற்றவர் தண்ணீர்க் குழாயைப் பொருத்தி என்ஜினை ஓட்டிக் காட்டினார், முதல் தடவையிலேயே பற்றியது. மீன் காட்டும் திரை புதிது. இருக்கைத் துணியெல்லாம் மாற்றியிருந்தார். பின்பக்கத்து வலது மூலையில் இருக்கும் 12 எழுத்து உடல் எண்ணைப் படகின் உரிமத்தோடு ஒப்பிட்டேன், படகின் மேல் கடன் எதுவும் பதிவாகியிருக்கிறதா என்றும் தேடிப் பார்த்தேன். கடதாசிகள் சரியாக இருந்தால் படகும் சரியாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்திய அன்று அப்பா இறங்கி வந்தார். ஊரில் அவர் மரவள்ளத்தோடு வளர்ந்தவர். அணியத்திலிருந்து பின்பக்கம் வரை விரல் மொழியால் தட்டிக்கொண்டே போனார். பின்சுவரில், டிரைவ் (என்ஜினோடு சேர்ந்து வெளியே நின்று படகைத் தள்ளும் பகுதி) பொருத்தியிருக்கும் இடத்துக்குக் கீழே, நின்றுவிட்டார். "தம்பி, இதுக்குள்ள தண்ணி நிக்குது" என்றார். இது மரமில்லை அப்பா, ஃபைபர் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் பழைய ஒலியுணரியைக் கழற்றினேன். படகின் பின்னால் அடியில் பூட்டும் சின்னக் கறுப்புப் பெட்டிதான் அது, மீன் காட்டும் கருவிக்குக் கண் மாதிரி. திருகாணிக்குத் திருப்புளியே தேவைப்படவில்லை, விரலாலேயே வெளியே வந்தது. பின்னாலேயே தேயிலைச் சாயம் போல ஒரு தண்ணீர் ஒழுகியது. அரை மணிநேரம் ஒழுகிக்கொண்டே இருந்தது.

அந்தக் காலத்துப் படகுகள் பெரும்பாலானவற்றில் பின்சுவர் முழுக்க ஃபைபர் இல்லை. இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவில் ஒட்டுப்பலகை இருக்கும். யாரோ ஒருவர் அந்தக் கருவியைப் பூட்டும்போது நாலு துளை போட்டு, பசை வைக்காமல் திருகிவிட்டுப் போயிருக்கிறார். இத்தனை வருடமும் தண்ணீர் அந்த வழியாகப் பலகைக்குள் போயிருக்கிறது. பலகையைக் கையால் பிசையலாம் போல இருந்தது. ஒரு திருத்துமிடத்தில் கேட்டதற்கு 11,000 டொலர் என்றார்கள். படகின் விலையே அவ்வளவில்லை. கடைசியில் நானும் நண்பர் ஒருவரும் என்ஜினையும் டிரைவையும் கழற்றி, உட்பக்கத் தோலை வெட்டி, அழுகலைச் சுரண்டி எடுத்து, புதுப் பலகையை எபொக்சி என்ற இறுகும் பசையில் ஊறவைத்து ஒட்டினோம். அந்த வருடத்துச் சால்மன் காலம் முழுக்க முற்றத்திலேயே போய்விட்டது.

இப்போது யார் படகு பார்க்கக் கூப்பிட்டாலும் பிளாஸ்ரிக் தலை வைத்த ஒரு சின்னச் சுத்தியலோடு போகிறேன். பின்சுவர், தரை, தரைக்குக் கீழ் ஓடும் நீளச் சட்டங்கள் எல்லாவற்றையும் தட்டுவேன். நல்ல இடம் 'டக்' என்று கணீரென்று கேட்கும். ஊறிய இடம் தலையணையைத் தட்டியது போல இருக்கும். டிரைவின் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் பின்சுவர் சேர்ந்து அசைகிறதா என்று இன்னொருவர் பார்க்க வேண்டும். உங்களில் யாருக்கு எந்த வழியால் தண்ணீர் வந்தது? எழுதுங்கள், அடுத்தவர் தப்பித்துக்கொள்ளட்டும்.

401இல் நின்றவன், மிசிசாகா

எனக்குத் தண்ணீர் படகுக்குள் வரவில்லை, ட்ரெய்லர் சில்லுக்குள் போனது.

செப்டெம்பர் முதல் வாரம், சினூக் சால்மன் கனரஸ்கா ஆற்று வாய்க்கு வந்து கூடுகிற நேரம். போர்ட் ஹோப் போகும் வழியில், 401 நெடுஞ்சாலையில் போமன்வில் தாண்டியதும் பின்னால் வந்த லொறிக்காரர் ஹோர்ன் அடித்துக் கையைக் காட்டினார். கண்ணாடியில் பார்த்தால் இடது சில்லிலிருந்து புகை. ஓரங்கட்டி இறங்கும்போது சில்லு சரிந்து நின்றது. இன்னும் இரண்டு கிலோமீற்றர் ஓடியிருந்தால் அது தனியாக உருண்டிருக்கும். பின்னால் குடும்பங்கள் வந்துகொண்டிருந்த வீதி. இன்றைக்கும் அதை நினைத்தால் கை நடுங்குகிறது.

காரணம் மெக்கானிக் சொல்லித்தான் விளங்கியது. நெடுந்தூரம் ஓடி வரும்போது சில்லின் நடுக்கட்டை சூடாகிறது. வந்த சூட்டோடு இறங்குதுறையில் குளிர்ந்த ஏரிக்குள் இறக்குகிறோம். உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, தேய்ந்த ரப்பர் வளையத்தின் வழியாகத் தண்ணீரை உறிஞ்சுகிறது. கிரீஸ் கெட்டு, பெயரிங் துருப்பிடிக்கிறது. பழைய படகு வாங்குபவர்கள் ட்ரெய்லரை இலவசமாகக் கிடைத்த பொருள் மாதிரிப் பார்க்கிறார்கள். அதற்கும் வயது படகின் வயதுதான். நான் இப்போது வாங்கிய உடனே பெயரிங் மாற்றச் சொல்கிறேன். இறங்குதுறைக்கு வந்ததும் உடனே இறக்காமல், படகின் கட்டுகளை அவிழ்த்துப் பொருட்களை ஏற்றி முடிக்கும் வரை சில்லை ஆறவிடுவேன். வழியில் நிற்கும் இடமெல்லாம் நடுக்கட்டையில் கை வைப்பேன். கை தாங்காத சூடு இருந்தால் மேலே போவதில்லை.

இன்னொன்று. ஒன்ராறியோவில் ட்ரெய்லரின் மொத்த எடை 1,360 கிலோவைத் தொட்டால் அதற்குத் தனி பிரேக் வேண்டும். 21 அடிப் படகு, பெற்றோல், ட்ரெய்லர் எல்லாம் சேர்ந்தால் தாராளமாகத் தாண்டும். அந்தப் பிரேக் வேலை செய்கிறதா என்று விற்பவரிடம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

நீலத்தோணி, ஏஜக்ஸ்

கரையோரம் அண்ணை, உங்கள் அப்பாவின் விரலுக்கு என் வணக்கம்.

என் கதை ரப்பர் உறைக் கதை. டிரைவுக்கும் பின்சுவருக்கும் நடுவில், என்ஜினிலிருந்து வரும் தண்டை மூடி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கிறது. பெலோஸ் என்பார்கள். அது தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அது கிழிந்தால் முதலில் உள்ளே இருக்கும் பெயரிங் கெடும், அப்புறம் படகு தாழும். மஸ்க்ரட் என்ற நீரெலி கடித்துக் கிழிப்பதும் உண்டு.

எனக்கு முன்னறிவிப்பு கிடைத்தது, நான்தான் கேட்கவில்லை. ஜூன் முழுக்க, படகைத் திருப்பும்போதெல்லாம் பின்னால் ஒரு உறுமல். நேராகப் போனால் சத்தம் இல்லை. சீசன் முடியட்டும் என்று விட்டேன். ஜூலையில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை துறைக்குப் போனபோது படகின் பின்பக்கம் தண்ணீரில் தாழ்ந்து கிடந்தது. அடித்தட்டுத் தண்ணீரை இறைக்கும் மோட்டார் இரவு முழுக்க ஓடி பற்றரி செத்துவிட்டது. பக்கத்துப் படகுக்காரர் தன் பம்பைக் கொண்டுவந்து போட்டார், பாரம் தூக்கியால் வெளியே எடுத்தோம். என்ஜினின் அடிப்பக்கத்தில் பூட்டியிருந்த ஸ்ராட்டர் மோட்டார் முழுக்க நனைந்துபோனது.

அந்த ஸ்ராட்டரைப் பற்றி ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். கார்க் கடையில் பார்வைக்கு அதே மாதிரியானது பாதி விலைக்குக் கிடைக்கும். வாங்கவே வாங்காதீர்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடித்தட்டில் போய்த் தங்கும். படகுக்கென்று செய்த ஸ்ராட்டரும், பற்றரிக்கு மின்சாரம் ஏற்றும் ஓல்டர்நேட்டரும் தீப்பொறி வெளியே வராதபடி மூடியவை, காருடையது அப்படியில்லை. கார் ஓடும்போது ஆவி கீழே கலைந்துவிடும், படகில் போக இடமில்லை. அதனால்தான் உள் என்ஜின் படகில் காற்றிழுக்கும் விசிறியைக் குறைந்தது 4 நிமிடம் ஓடவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும். பிள்ளைகள் அவசரப்படுத்துவார்கள். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

அலுமினியம்காரன், விற்பி

நான் 18 அடி அலுமினியப் படகு வைத்திருக்கிறேன். அழுகுகிற பின்சுவர் அதிலும் சிலவற்றில் இருக்கிறது, உள்ளே பலகைதான். ஆணி தளர்ந்து கசியவும் செய்யும். வாங்குமுன் ட்ரெய்லரில் வைத்தே உள்ளுக்குத் தண்ணீர் நிரப்பி, வெளியே எங்கே சொட்டுகிறது என்று சோக்கட்டியால் குறித்தேன். பாரம் அதிகம், பத்து சென்ரிமீற்றருக்கு மேல் நிரப்ப வேண்டாம்.

படகுக்குப் பதிலாக அரிப்பைத் தாங்கித் தான் கரையும் உலோகக் கட்டி, நம் நன்னீர் ஏரிக்கு மக்னீசியம்தான் சரி. கடற்கரையிலிருந்து வந்த படகில் துத்தநாகம் இருக்கும், அது இங்கே சும்மா தொங்கும். மாற்றிவிடுங்கள்.

கிழக்குக் காற்று அடிக்கும் நாளில் நான் இறங்குவதில்லை. ஏரி ஏறத்தாழ 311 கிலோமீற்றர் நீளம், நாம் மேற்கு முனையில் இருக்கிறோம். அலை அவ்வளவு தூரமும் வளர்ந்துகொண்டே வரும்.

கரையோரம், ஸ்காபரோ

உபகரணம் பூட்டுவது பற்றித் தனிச் செய்தியில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள், இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நாம் துரத்தும் சினூக், 1960களின் கடைசியில் இந்த ஏரிகளில் கொண்டுவந்து விட்ட பசிபிக் மீன். அதற்குப் பிடித்தது 10 முதல் 12 பாகை செல்சியஸ் தண்ணீர். கோடையில் அந்தக் குளிர் ஆழத்தில் இருக்கும். மேற்குக் காற்று நாலு நாள் நின்று அடித்தால் மேல்நீர் நம் வடகரையை விட்டு விலகி, குளிர்நீர் கரையருகே மேலேறி வரும், மீனும் கூடவே வரும். ஆகவே தூண்டிலை நினைத்த ஆழத்துக்கு இறக்க டவுன்ரிக்கர் வேண்டும். கம்பியில் ஐந்து கிலோ ஈயக் குண்டு தொங்கும் கருவி அது. மெதுவாக, மணிக்கு நாலு கிலோமீற்றர் அளவில் இழுக்கப் பெரிய என்ஜின் சரிவராது, பின்னால் ஒரு 9.9 குதிரைவலு மோட்டார் வேண்டும். பெரியது நின்றுவிட்டால் கரைக்குக் கொண்டுவருவதும் அதுதான்.

இவை எல்லாவற்றுக்கும் படகில் துளை போட வேண்டும். நான் ஒவ்வொரு துளையையும் தேவையைவிடப் பெரிதாகப் போட்டு, எபொக்சியால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவில் சரியான அளவில் மறுபடி துளைக்கிறேன். அப்போது திருகாணி பலகையைத் தொடுவதே இல்லை. டவுன்ரிக்கருக்குக் கீழே, உட்பக்கமாக, ஒரு அலுமினியத் தகடு வைத்தேன். குண்டு ஏரியின் அடியில் மாட்டினால் படகின் விளிம்பையே பிய்த்துவிடும். ஒலியுணரியை நேராகப் படகில் பூட்டவில்லை. ஒரு பிளாஸ்ரிக் பலகையைப் பின்சுவரில் எபொக்சியால் ஒட்டி, எல்லாவற்றையும் அந்தப் பலகையிலேயே திருகினேன். கருவி மாறினாலும் படகுக்குப் புதுத் துளை வராது. டவுன்ரிக்கருக்குத் தனிப் பற்றரி. என்ஜின் பற்றும் பற்றரியில் கை வைக்க விடாதீர்கள்.

பனிக்காலம், மார்க்கம்

ஒருவரும் குளிர்காலத்தை எழுதவில்லையே. நான் இழந்தது முழு என்ஜின்.

ஒக்டோபரில் என்ஜின் உடம்பில் தண்ணீர் வடிக்கும் இரண்டு அடைப்பானையும் கழற்றினேன். ஒரு பக்கம் கொட்டியது. மற்றப் பக்கம் ஒரு சொட்டும் இல்லை. காலியாகிவிட்டது என்று நினைத்து மூடிவிட்டேன். காலியாகவில்லை, துருத் துண்டு வழியை அடைத்திருந்தது. உள்ளே நின்ற தண்ணீர் ஜனவரியில் உறைந்து இரும்பை வெடிக்க வைத்தது. மே மாதம் ஒயில் கோலை இழுத்தால் பால் தேநீர் நிறம்.

இப்போது துளைக்குள் ஒரு கம்பியை விட்டுக் கிளறாமல் எதையும் நம்புவதில்லை. வடித்தபின் இளஞ்சிவப்பு நிற உறைநீர்த் தடுப்பியை ஓடவிடுகிறேன். டிரைவின் ஒயிலை வசந்தத்தில் அல்ல, இலையுதிர் காலத்திலேயே மாற்றுகிறேன். அதில் பால் நிறம் தெரிந்தால் தண்ணீர் போயிருக்கிறது, உறைந்து கூட்டை உடைக்குமுன் பிடித்துவிடலாம். டிரைவைக் கீழே இறக்கிய நிலையில்தான் வைக்க வேண்டும், அப்போதுதான் மிச்சத் தண்ணீர் தானாக வடியும்.

புதியவன், பிக்கரிங்

எல்லாருக்கும் நன்றி அண்ணைமார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒஷாவாவில் ஒரு 1988 படகு பார்க்கப் போகிறேன். விற்பவர் நல்ல மனிதர் போல, என்ஜினை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்கிறேன் என்றார்.

கரையோரம், ஸ்காபரோ

தம்பி, சூடாக்க வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த என்ஜின் எப்படிப் பற்றுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். எல்லாச் சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்க விடுவாரா என்றும் கேளுங்கள், ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் யோசிக்க வேண்டும். பழைய உடுப்போடு வாருங்கள், அடித்தட்டுக்குள் படுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். நான் ஒன்பதே முக்காலுக்கு அங்கே நிற்பேன். அப்பாவும் வருகிறேன் என்கிறார்.