5 வயசு ஆனா புள்ள அப்பாவுக்கா?

நெல்லை கோமதி: நேத்து ஒருத்தர் "குழந்தைக்கு 5 வயசு முடிஞ்சா கஸ்டடி தானா அப்பாவுக்குப் போயிடும், சட்டமே அதான்"னு எழுதி அதுக்கு அத்தனை பேர் லைக் வேற போட்டிருக்காங்க, படிச்சதுல இருந்து மனசே ஆறல. 1956 இந்து இளவர் (மைனர்) காப்பாளர் சட்டம் 6வது பிரிவுல 5 வயசு முடியாத புள்ள சாதாரணமா அம்மாகிட்ட இருக்கணும்னுதான் இருக்கு. 5க்கு அப்புறம் அப்பாகிட்ட ஒப்படைன்னு எங்க இருக்கு? ஒரே ஒரு வரி காட்டுங்க.

மாதவரம் செந்தில்: எழுதினது நான்தான். அதே பிரிவோட முதல் வரியப் படிங்க மேடம். இயற்கைக் காப்பாளர், அதாவது கோர்ட் நியமிக்காமலே சட்டப்படி புள்ளைக்குப் பொறுப்பானவர், அப்பா; அவருக்கு அப்புறம்தான் அம்மா. 5 வயசுங்கிறது அம்மாவுக்குக் குடுத்த சலுகை. சலுகை முடிஞ்சா? எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிஞ்சவங்களுக்கே புரியும்.

நெல்லை கோமதி: அந்த "அப்புறம்"ங்கிற வார்த்தைய 1999லயே கீதா ஹரிஹரன் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் பாத்தாச்சு. அப்பா செத்த பிறகுன்னு இல்ல, அவர் புள்ளையக் கவனிக்காம இருந்தாலே அம்மா காப்பாளர் ஆகலாம்னு சொல்லிட்டாங்க. 13வது பிரிவுல புள்ளையோட நலன்தான் எல்லாத்துக்கும் மேலன்னு இருக்கு. பொறந்தநாள் கேக் வெட்டின மறுநாளே பெட்டி கட்டி அனுப்புன்னு எந்த ஜட்ஜும் சொல்றதில்ல.

கோர்ட் வாசல்: ரெண்டு பேரும் காப்பாளர் வேற, கஸ்டடி வேறங்கிறதையே பாக்க மாட்டேங்கிறீங்க. அப்பா காப்பாளரா இருக்கும்போதே புள்ள அம்மாகிட்ட வளரலாம்.

மாதவரம் செந்தில்: அதெல்லாம் இருக்கட்டும் சார். அப்ப 5ன்னு ஏன் போட்டான்? 8ன்னு போட்டிருக்கலாம்ல?

பரமக்குடி ராஜா: கோமதி மேடம் சட்டம் பேசுறதப் பாத்தா எரிச்சலா இருக்கு. பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு 6 மாசம் காத்திருந்தே ஆகணும்னு போன மாசம் அடிச்சுச் சொன்னது யாரு? அந்த 6 மாசத்த கோர்ட் தள்ளுபடி பண்ணலாம்னு சொன்ன 2017 அமர்தீப் சிங் தீர்ப்பக் காட்டினதும் ஆளையே காணோம்.

நெல்லை கோமதி: ராஜா, நான் சொன்னது எல்லாருக்கும் அந்தத் தள்ளுபடி கிடைக்காதுன்னு. ஒன்றரை வருஷம் பிரிஞ்சிருந்து, சமரசம் தோத்து, ஜீவனாம்சம், கஸ்டடி எல்லாம் பேசி முடிச்சிருக்கணும், அதுக்கப்புறமும் ஜட்ஜ் மனசு வைக்கணும். பழைய கணக்க இங்க தீர்க்காதீங்க.

மேரி: நாங்க கிறிஸ்டியன், எங்களுக்கும் இந்த 5 வயசு உண்டா?

கோர்ட் வாசல்: இந்த 1956 சட்டம் உங்களுக்கு வராதும்மா. 1869 விவாகரத்துச் சட்டத்துலயே கஸ்டடி கேக்கலாம், 1890 காப்பாளர் சட்டமும் இருக்கு.

மாதவரம் செந்தில்: மாசத்துல ரெண்டு சனிக்கிழமை கோர்ட் வளாகத்துல ரெண்டு மணி நேரம் என் புள்ளையப் பாக்குறேன். என்னைய அங்கிள்னு கூப்பிடுறான். அவனுக்கு இப்ப 6 வயசு. நலன் நலன்னு எழுதுறவங்களுக்கு இது எங்க புரியப்போகுது.

நெல்லை கோமதி: உங்க வலி எனக்குப் புரியாம இல்ல செந்தில், உத்தரவ மாத்தச் சொல்லி மனு போடுங்க, கஸ்டடி உத்தரவு எப்பவும் மாத்தக்கூடியதுதான், கூடுதல் நேரமும் கேக்கலாம். ஆனா 5 வயசாச்சு குடுன்னு போய் நின்னா நடக்காது. இதே 5 வயசச் சொல்லித்தான் எங்க அக்காவ அவங்க வக்கீலே பயமுறுத்தினார், புள்ளைக்கு 5 முடியுறதுக்குள்ள கேஸ முடிக்கணும்னு நகைய அடகு வெச்சு பீஸ் கட்டினா. கேஸ் இழுத்து இழுத்து பையனுக்கு 9 ஆனப்ப ஜட்ஜ் அவனையே ரூமுக்குள்ள கூப்பிட்டுக் கேட்டார். விவரம் தெரிஞ்ச புள்ளைன்னா அதோட விருப்பத்தையும் பாக்கலாம்னு 1890 சட்டத்துலயே இருக்கு. அவன் இன்னைக்கும் அக்காகிட்டதான் இருக்கான்.

பரமக்குடி ராஜா: ஒரு அக்கா கேஸ வெச்சு ஊருக்கே சட்டம் சொல்றீங்க.

நெல்லை கோமதி: நான் பிரிவு நம்பரோட சொல்றேன், நீங்க என்னத்தச் சொன்னீங்க?

மாதவரம் செந்தில்: எல்லாம் சொன்னீங்க, 5ன்னு ஏன் போட்டான்னு மட்டும் சொல்லல.

நெல்லை கோமதி: அந்த 5க்குப் பக்கத்துல "சாதாரணமா"ன்னு ஒரு வார்த்தை இருக்கு, அத முதல்ல படிங்க. 5 முடியாத புள்ளையவே கட்டாயம் அம்மாகிட்டதான்னு சட்டம் சொல்லல, 5 முடிஞ்சா கட்டாயம் அப்பாகிட்டன்னு நீங்களா எழுதிக்கிறீங்க.

மாதவரம் செந்தில்: 5ன்னு போட்டிருக்கான்ல? அவ்வளவுதான்.