பங்களா டீப்போவில் வெள்ளைப் படலம், இழுக்க வராத லாச்சி: யாராவது வழி சொல்லுங்கள்

ஹட்டன் மூடுபனி
வணக்கம். எங்கள் ஹோலில் மூன்று பக்க மேசைகள் சேர்ந்துவிட்டன. ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

முதலாவது, தேயிலைத் தோட்டத்துப் பங்களாச் சாமான்களை விற்ற காலத்தில் தாத்தா வாங்கிய கறுத்த மர டீப்போ. இழுத்துத் திறக்கும் லாச்சி ஒன்று உண்டு. "டச்சுக்காரன் காலத்துச் சாமான்" என்று மாமா அடித்துச் சொல்கிறார். இரண்டாவது, அம்மா அப்பா கல்யாணத்துக்கு வந்த, கால்கள் சரிந்து நிற்கும் ஃபோமைக்கா மேசை. மூன்றாவது, இரும்புச் சட்டத்தில் ஒட்டுப்பலகை போட்ட புது மேசை.

பிரச்சினை: பழைய டீப்போவின் மேல் மழைக்காலத்தில் வெள்ளையாகப் படலம் வருகிறது. லாச்சியும் இறுகிக்கொள்கிறது. புது மேசையின் ஓரம் ஊதிப்போய்விட்டது. தங்கச்சி மூன்றையும் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே மாதிரி செட் வாங்கச் சொல்கிறாள். அம்மா எதையும் விடமாட்டார். பழையதைத் தேய்த்து வார்னிஷ் அடித்தால் சரியாகுமா?

பாஸ் மகன்
தம்பி, சாண்ட்பேப்பரைக் கீழே வையுங்கள். முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். துணியால் துடைத்தால் வெள்ளை போகிறதா? மேசை எந்தச் சுவரோடு நிற்கிறது? லாச்சிக்குள்ளே இருக்கும் ஸ்குரூவின் தலையில் ஒரே கோடா, கூட்டல் அடையாளமா? கோணத்தில் பலகைகள் எப்படிப் பிணைந்திருக்கின்றன?

ஹட்டன் மூடுபனி
மேற்பலகையில் உள்ள வெள்ளை துடைத்தால் போவதில்லை. பின்பக்கக் கால்களில் சாம்பல் நிறத்தில் தூள் போல இருக்கிறது, அது துணியில் வந்துவிடுகிறது, வாசமும் அடிக்கிறது. வெளிச்சுவர், கருங்கல் கட்டடம், மழை அடிக்கிற பக்கம். ஸ்குரூவில் ஒரே கோடுதான். கோணத்தில் புறா வால் மாதிரி வெட்டிப் பொருத்தியிருக்கிறார்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு.

பாஸ் மகன்
அப்படியென்றால் உங்களிடம் இருப்பது இரண்டு வேறு வியாதிகள்.

கால்களில் இருப்பது பூஞ்சணம். மேசையை வெளியே எடுத்து, முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு, காய்ந்த துணியால் துடையுங்கள். அப்புறம் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் ஒரு துடைப்பு, உடனே காய்ந்த துணி. காற்றாட நிழலில் வையுங்கள். நம் ஆட்கள் எதையும் வெயிலில் போட்டால் தீரும் என்று நினைப்பார்கள். பழைய மரத்தை உச்சி வெயிலில் போட்டால் மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய மரத் தகடு கிளம்பிவிடும், பலகை வெடிக்கும்.

மேலே இருக்கிற வெள்ளை பொலிஷுக்குள் புகுந்த ஈரம். அந்தக் காலத்துச் சாமான்களுக்கு அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவார்கள், பிரெஞ்சு பொலிஷ் என்பது அதுதான். பளபளப்பு அழகு, ஆனால் சூட்டுக்கும் ஈரத்துக்கும் தாங்காது. சூடான கோப்பை வைத்தால் வட்டம் விழுவதும் அதனால்தான். சந்தேகம் இருந்தால் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பஞ்சில் ஒரு சொட்டு மெத்திலேட்டட் ஸ்பிரிட் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் அரக்கு. முடி காய வைக்கும் மெஷினைக் குறைந்த சூட்டில், தூரத்தில் பிடித்து மெதுவாக ஆட்டுங்கள். புதுப் படலம் பெரும்பாலும் இதிலேயே மறையும். பிறகு தேன்மெழுகு பொலிஷ் மெல்லிசாகப் பூசித் துடையுங்கள். மறையாவிட்டால் பொலிஷ் வேலை தெரிந்த தச்சு பாஸிடம் கொடுங்கள், அவர் ஸ்பிரிட் துணியை ஒரே இழுப்பாக இழுத்துச் சரிசெய்வார். நீங்கள் இழுத்தால் பொலிஷ் முழுதும் கையோடு வந்துவிடும்.

சுரண்டி வார்னிஷ் அடிக்கவே வேண்டாம். அத்தனை வருசம் கை பட்டு வந்த நிறம் போனால் திரும்பாது, விலையும் பாதியாகும்.

பண்டாரவளைக்காரி
லாச்சியை இப்போது சீவாதீர்கள் தம்பி! உங்கள் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை. மரம் ஈரத்தைக் குடித்து அகலும். இப்போது சீவினால் ஜனவரி, பெப்ரவரி வெயிலில் லாச்சி லொடலொடவென்று ஆடும். இப்போதைக்கு லாச்சி ஓடும் தடத்தில் வெள்ளை மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். தை, மாசியிலும் இறுகினால் மட்டும் பாஸைக் கூப்பிடுங்கள்.

எங்கள் ஊவாப் பக்கம் இதற்கு நேர்மாறு. உங்களுக்குக் கொட்டுகிற ஜூலையில் இங்கே வறண்ட கச்சான் காற்று அடித்துக் காயும். அந்த மாதத்தில் பண்டாரவளையில் இருந்து மரச் சாமான் வாங்கி ஹட்டனுக்கு ஏற்றினால் ஒரு வாரத்தில் லாச்சி பிடிக்கும். விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்கு வருவார்கள்.

கொட்டகலை டீச்சர்
டச்சுக் கதைக்கு ஒரு வார்த்தை. டச்சுக்காரர் கையில் இருந்தது கரையோரம், அதுவும் 1796 வரை. கண்டி இராச்சியம் பிரித்தானியரிடம் விழுந்தது 1815இல். கண்டிப் பக்கத்து லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1867இல், ஹட்டனுக்கு ரயில் வந்தது 1884இல். தோட்டத்துப் பங்களாவில் டச்சு மேசை இருக்கவே முடியாது என்று சொல்லவில்லை, யாராவது கரையோரத்துக் காலி நகரத்தில் இருந்து தூக்கி வந்திருக்கலாம். ஆனால் பங்களாச் சாமான்கள் பெரும்பாலும் இங்கிலாந்து மாதிரியைப் பார்த்து உள்ளூர் தச்சர்கள் செய்தவை.

மாமாவுக்கு ஆறுதலாக ஒன்று: கையால் வெட்டிய சமமில்லாத புறாவால் பொருத்தும் ஒற்றைக் கோட்டு ஸ்குரூவும் நல்ல அடையாளம். கூட்டல் தலை ஸ்குரூ 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. வியாபாரத்தில் நூறு வருசம் தாண்டினால்தான் 'அன்டீக்', அதற்குக் குறைந்தால் 'வின்டேஜ்'. அப்பாவின் ஃபோமைக்கா அந்த இரண்டாவது ரகம்.

வெளிநாட்டில் இருக்கிற உறவுக்காரர் யாராவது டீப்போவைக் கேட்டால் யோசியுங்கள். 50 வருசத்துக்கு மேற்பட்ட பழம்பொருளை தொல்பொருள் திணைக்கள அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது.

ஹட்டன் மூடுபனி
நன்றி டீச்சர், மாமாவிடம் நீங்களே சொன்னால் நல்லது :) உயரங்கள் அளந்தேன். செற்றியின் (சோபாவின்) கை 24 அங்குலம். டீப்போ 27, ஃபோமைக்கா 22, புதுசு 24. மூன்றும் இப்போது செற்றியைச் சுற்றித்தான் நிற்கின்றன.

பண்டாரவளைக்காரி
அதுதான் கண்ணை உறுத்துகிறது, வயது வித்தியாசம் அல்ல. பக்க மேசை செற்றியின் கைக்குச் சமமாகவோ ஓரிரு அங்குலம் தாழ்வாகவோ இருக்க வேண்டும். உயர்ந்தால் கோப்பை எடுக்கும்போது முழங்கை இடிக்கும். ஆகவே புதுசு ஒரு பக்கம், ஃபோமைக்கா மறுபக்கம். ஜோடி பொருந்த வேண்டியதில்லை. இரண்டிலும் ஒரே மாதிரி மூடி போட்ட விளக்கு வைத்துவிடுங்கள், கண் அதைத்தான் ஜோடியாக எடுத்துக்கொள்ளும். உட்கார்ந்தால் மூடியின் கீழ் விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும், பல்ப் கண்ணைக் குத்தக்கூடாது. ஃபோமைக்கா பக்கத்து விளக்குத் தாழ்ந்தால் அடியில் இரண்டு தடித்த புத்தகம்.

தேத்தண்ணி, ஃபிளாஸ்க், பிஸ்கட் தட்டு எல்லாம் ஃபோமைக்காவுக்கு. அது அதற்கென்றே பிறந்தது, பாவம் என்று மூலையில் ஒதுக்காதீர்கள்.

டீப்போவை உள்சுவருக்கு மாற்றுங்கள். நிமிர்ந்த முதுகுக் கதிரை ஒன்று இருந்தால் அதன் பக்கத்தில் வையுங்கள், 27 அங்குலம் அங்கே இடிக்காது. சுவரில் இருந்து இரண்டு அங்குலமாவது தள்ளி நிற்கட்டும், காற்றுப் போகாத இடத்தில்தான் பூஞ்சணம் பிடிக்கும். மேலே ஒரு படம், ஒரு பித்தளைச் சாமான், அவ்வளவு போதும். அந்தூரியம் தொட்டி வைப்பேன் என்று அம்மா கேட்டால் விடாதீர்கள்.

பாஸ் மகன்
ஊதின ஒட்டுப்பலகை பழைய அளவுக்குத் திரும்பாது. ஓரம் மூடாமல் விட்டதுதான் காரணம், தரை கழுவும் தண்ணீர் தெறித்தாலே குடித்துவிடும். இரும்புச் சட்டத்தை வைத்துக்கொண்டு பலகையை மட்டும் மாற்றுங்கள். என்னைக் கேட்டால் பலா. முதலில் மஞ்சளாக இருக்கும், வருசம் போகப் போகத் தேன் நிறமாகக் கறுக்கும், அப்போது டீப்போவோடு தானாகச் சேரும். நான்கு பக்கமும் அடியும் சேர்த்து வார்னிஷ் பூசிவிட்டு மாட்டுங்கள். சட்டத்தில் ஸ்குரூத் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்லுங்கள். மழைக்குப் பலகை அகல இடம் இல்லாவிட்டால் நடுவில் பிளக்கும்.

லிந்துலை தம்பி
இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். தேயிலை வேர்க்கட்டையில் கண்ணாடி போட்ட டீப்போ வாங்க ஆசை. கட்டையில் குண்டூசி அளவு ஓட்டைகள் இருக்கின்றன, வாங்கலாமா?

பாஸ் மகன்
ஓட்டை இருப்பது பெரிதல்ல. தேயிலைச் செடியைத் துளைக்கிற வண்டு பச்சை மரத்தில்தான் வாழும், காய்ந்த கட்டையில் இருக்காது. கட்டையைக் கறுப்புத் தாள் மேல் தட்டி, இரண்டு நாள் அப்படியே விடுங்கள். மாவு மாதிரித் தூள் விழுந்தால் உள்ளே வேறு பூச்சி உயிரோடு இருக்கிறது, அந்தக் கட்டை வேண்டாம். தூள் இல்லை, கட்டையும் கையில் லேசாக இருக்கிறது என்றால் காய்ந்த கட்டை, எடுக்கலாம்.

ஹட்டன் மூடுபனி
கடைசியாக ஒன்று. பொலிஷைக் காப்பாற்ற டீப்போவின் மேல் கண்ணாடி வெட்டிப் போடலாமா?

பாஸ் மகன்
நேராக மரத்தில் படுக்க வைத்தால் ஈரம் இடையில் சிக்கி அந்த வெள்ளையே திரும்ப வரும். போடத்தான் வேண்டுமென்றால் நான்கு மூலையிலும் தெளிந்த சிலிக்கன் பொட்டு ஒட்டி இடைவெளி விடுங்கள். கறுப்பு ரப்பர் வேண்டாம், கறை விடும்.