2 படுக்கை தூக்க ஆய்வகம்: முதலில் அங்கீகாரமா, வருமானமா?

முகிலன்:
அமெரிக்காவில் சொந்தமாகத் தூக்க ஆய்வகம் திறக்கிறவர்கள் எடுத்தவுடனே ஏ.ஏ.எஸ்.எம். (அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு) அங்கீகாரத்துக்குச் செலவழிக்கத் தேவையில்லை. தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் (ஸ்லீப் ஆப்னியா) இருக்கிறதா என்று நோயாளியின் வீட்டிலேயே சிறு கருவியால் பார்க்கும் வீட்டுச் சோதனையில் ஆரம்பிக்கலாம். இரவுப் பணிச் சம்பளமும் அறை வாடகையும் மிச்சம். மூச்சுப்பாதை மூடாமல் காற்றழுத்தம் தரும் சிபாப் கருவியையும் நாமே கொடுத்தால் கட்டுப்படியாகும்.

தாமரை:
கடைசி வரி ஆபத்தானது சார். வீட்டுச் சோதனை செய்த நிறுவனமோ அதன் கிளையோ அதே நோயாளிக்கு சிபாப் கொடுத்தால் மெடிகேர் (அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடு) பணம் தராது; 2009 முதல் உள்ள விதி. டெக்னீஷியன் கூடவே இருந்து ஆய்வகத்தில் எடுத்த சோதனைக்கு மட்டும்தான் விலக்கு.

நோய் கணிப்பிலும் ஓட்டை விழும். வீட்டுக் கருவிகள் பலவற்றில் மூளை அலைப் பதிவு கிடையாது, எவ்வளவு நேரம் தூங்கினார் என்று தெரியாது; அதனால் மூச்சுத் தடைகளின் எண்ணிக்கையைப் பதிவான நேரத்தால்தான் வகுக்க முடியும். 7 மணி நேரப் பதிவு, அதில் 5 மணி நேரம்தான் தூக்கம், 30 மூச்சுத் தடைகள் என்று வையுங்கள். கருவி மணிக்கு 4.3 தடை என்று காட்டும். உண்மையில் அது 6. இடையில் 5 என்ற எல்லைக்கோடு இருப்பதால் நோயாளி 'நோயில்லை' என்று வீட்டுக்குப் போய்விடுவார்.

முகிலன்:
கருவி விற்பனை பற்றிச் சொன்னது சரி, அதை விட்டுவிடுகிறேன். ஆனால் ஆய்வகக் கணக்கையும் பாருங்கள். ஒரு டெக்னீஷியன் 2 நோயாளிகளைக் கவனிக்கலாம். ஒருவர் வராமல் போனாலும் சம்பளத்தில் ஒரு காசு குறையாது. அங்கீகாரமோ 5 வருடத்துக்கு ஒருமுறை. நோயாளிகள் வரத்து நிலைத்த பிறகு வாங்கினால் என்ன?

செந்தூரன்:
சான்றிதழைத் தள்ளிப்போடலாம், சுவரைத் தள்ளிப்போட முடியாது. அவசரத்தில் உதவிக்கு ஆள் சுற்றி நிற்க, கட்டிலின் 3 பக்கமும் 24 அங்குலமாவது காலி இடம் விடுங்கள். அறைக்கு அறை தனி ஏ.சி. கட்டுப்பாடும் வேண்டும். நோயாளிக்கு வியர்த்தால் மூளை அலைக்கோடு மெதுவாக ஏறி இறங்கும். அவசரமாக ஸ்கோர் செய்பவர் (பதிவைப் பார்த்துத் தூக்க நிலைகளைக் குறிப்பவர்) அதை டெல்டா அலை என்று நினைத்து ஆழ்தூக்கம் என்று குறித்துவிடுவார். மெதுவான அலைகளை வடிகட்டும் ஃபில்டரைக் கூட்டி மறைத்தால் உண்மையான டெல்டாவும் தேய்ந்துபோகும். அறையைக் குளிரவைப்பதுதான் வழி. தலையில் ஒட்டும் எலக்ட்ரோடின் இம்பீடன்ஸ் (மின்தடை) 5 கிலோ ஓமுக்குக் கீழே வரும்வரை விளக்கை அணைக்கவே கூடாது.

தாமரை:
ஸ்கோரிங் ஒப்பீட்டையும் முதல் மாதமே தொடங்கணும். ஒரே பதிவின் 30 விநாடித் துண்டுகளை டெக்னீஷியனும் தூக்க மருத்துவரும் தனித்தனியே குறித்து ஒத்துப்பார்ப்பது அது. அது இல்லாமல் ஒரு வருடம் ஓட்டினால், அந்த வருடத்து அறிக்கைகளை எதை வைத்து நம்புவது?

முகிலன்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்த விதிப்படி ஒப்பிடுவது? ஹைப்போப்னியாவுக்கு (மூச்சு முழுதும் நிற்காமல் குறைவது) ஏ.ஏ.எஸ்.எம். பரிந்துரை 3% இரத்த ஆக்சிஜன் சரிவு அல்லது விழிப்பு. மெடிகேர் 4% சரிவைத்தான் ஏற்கும்.

தாமரை:
இரண்டும் வேண்டும். அறிக்கையில் இரண்டு எண்களையும் தனித்தனி வரியாக, எந்த விதி என்ற பெயரோடு போடச் சொல்லுங்கள். வெறுமனே ஒரே எண்ணைப் போட்டால் காப்பீட்டுக்காரர் திருப்பி அனுப்புவார், நோயாளி சிபாப் இல்லாமல் காத்திருப்பார்.