புது எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு ரன்னிங்-இன் வேண்டுமா?

பெரியப்பா (காட்பாடி): கவிதா, புது எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு வாழ்த்துகள் அம்மா. ரன்னிங்-இன், அதாவது புது வண்டி பழகும் காலம் முடியும்வரை, முதல் 1,000 கிலோமீட்டருக்கு 40-க்கு மேல் முறுக்காதே. என் பழைய வண்டியை அப்படி ஓட்டியதால்தான் இன்ஜினைப் பிரிக்கும் வேலையே வரவில்லை.

கவிதா (ஆம்பூர்): நன்றி பெரியப்பா. ஷோரூமில் அப்படி எதுவும் சொல்லவில்லையே. ஞாயிற்றுக்கிழமை ஏலகிரிக்குப் போவதாக இருக்கிறோம்.

சித்தப்பா (ராணிப்பேட்டை): அண்ணா, பெட்ரோல் வண்டிக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. புது இன்ஜினில் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரின் உட்சுவரும் ஒன்றையொன்று உரசி, மேடு தேய்ந்து, பொருந்தி அமர வேண்டும். அப்போது உதிரும் துகள்தான் முதல் சர்வீஸில் வடிக்கும் ஆயிலில் மினுமினுக்கிறது. மின்மோட்டாரிலோ, சுழலும் ரோட்டருக்கும் அதைச் சூழ்ந்த ஸ்டேட்டருக்கும் நடுவே மெல்லிய காற்றிடைவெளி இருக்கிறது. இரண்டும் தொடுவதே இல்லை, தொட்டால்தான் கோளாறு. பேரிங்குகளும் ஆலையிலேயே கிரீஸ் அடைத்து வருபவை. கியரோ பெல்ட்டோ உள்ள வண்டியென்றால் அதை முதல் சர்வீஸில் பார்த்துக்கொள்வார்கள். மேனுவலில் வேறு ஏதாவது சொல்லியிருந்தால் மட்டும் அதன்படி நட, கவிதா.

பெரியப்பா: அப்படியானால் முதல் நாளே முழு வேகத்தில் பறக்கலாம் என்கிறாயா? எனக்கு மனம் ஒப்பவில்லை.

சித்தப்பா: மோட்டாருக்காகத் தடையில்லை அண்ணா, டயருக்காகவும் பிரேக்குக்காகவும் உண்டு. புது டயரின் மேல்பரப்பு வழவழப்பாக இருக்கும். அது சாலையில் உரசிப் போகும்வரை, ஏறத்தாழ 150 கிலோமீட்டருக்கு, வளைவுகளில் வண்டியை அதிகமாகச் சாய்க்கக் கூடாது. பிரேக் பேடும் டிஸ்க்கில் முழுமையாகப் படிந்த பிறகே நன்றாகப் பிடிக்கும். ஏலகிரிப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வேகத்தை இழுத்துப் பிடிக்கும் என்றாலும், பேட்டரி நிறைந்திருந்தால் அந்தப் பிடிப்பு குறைந்துவிடும். மலைமேல் முழு சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்குபவர்கள் முதல் வளைவிலேயே திகைத்துப்போவார்கள்.

சித்தி: பேட்டரியை முதலில் அடியோடு தீர்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்கிறார்களே?

சித்தப்பா: அது நிக்கல் காட்மியம் பேட்டரிக் காலத்துப் பேச்சு. லித்தியம் பேட்டரியை வற்றவிடுவதுதான் கெடுதல். நம் வேலூர் வெயிலில் ஓட்டி வந்த கையோடு சார்ஜரை மாட்டாமல், சற்று ஆறவிட்டு மாட்டினால் போதும்.

கவிதா: சரி சித்தப்பா, ஏலகிரியைத் தள்ளிவைத்துவிட்டு, மாதனூர், பள்ளிகொண்டா வழியாகப் பெரியப்பா வீட்டுக்கே வருகிறோம். திரும்புவதற்கு முன் அங்கே சார்ஜ் போட வசதி இருக்குமா?

பெரியப்பா: தாராளமாக வாருங்கள். போர்ட்டிகோவில் 15 ஆம்பியர் பாயின்ட் இருக்கிறது. எர்த் சரியாக இருக்கிறதா என்று சனிக்கிழமையே எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லிவிடுகிறேன்.